அரை மாத்திரை

மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே போனார்கள்.
வலது கையில் கடிகாரம் கட்டுகிறவன் நான்.
இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி
வெயில் படாமல் வெளுத்த வளையத்தின் மேல்
இப்போது ஐம்பது காசு அளவுக்கு
ஊதாவாய்க் கன்றிக் கிடக்கிறது.

திரையில் காட்டினார் டாக்டர் சியா.
தீவு விரைவுச்சாலையில் ஒரு தடம்
முழுசாய் மூடிக் கிடந்தது,
முன்னறிவிப்புக்கு ஒரு கூம்புகூட வைக்காமல்.

களைப்பு என்று நான் அறிந்ததெல்லாம்
நள்ளிரவு தாண்டிப் பணிமனையில் வண்டியை விட்டு
காலணி கழற்றும்போது வருவது.
தூங்கினால் போய்விடும்.
இது வேறு.
எனக்கு முன்பே எழுந்து
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.
பல் துலக்கிவிட்டு வந்து
அதன் பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.

ஏழு கதவு, இரண்டு தளம்.
நம் புளோக் மாதிரியே ஒரு பெட்டி.
ஞாயிறு மாலை தவமணி குடியேற்றுகிறாள்:
வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள்,
பிறகு அந்த வட்ட மாத்திரை.
ஒரு வேளைகூட விடக்கூடாது என்று
அதைப் பற்றிச் சொன்னபோது மட்டும்
மருந்தகத்து ரொஹானா சிரிக்கவில்லை.

அதை விழுங்கினால்
சும்மா இருக்கும்போதே நீளமாய் ஒரு மூச்சு வருகிறது.
"என்ன யோசனை?" என்று திரும்புகிறாள் தவமணி.
யோசனை இல்லை.
மாத்திரை.

இன்னொன்று, இதயத்தை மெதுவாக்குவது,
பாதிதான்.
வெட்டும் கருவியில் வைத்து அழுத்துகிறாள்.
சரிபாதியாய் ஒருநாளும் விழுந்ததில்லை.
உதிர்ந்த தூளை விரல் நுனியில் ஒற்றி
என் நாக்கில் வைக்கிறாள்,
காசு கொடுத்து வாங்கியது என்று.

உயர்நிலை இரண்டில்
சாளரத்தோரம் தூங்கிக்கொண்டே கேட்டது:
குறிலுக்கு ஒரு மாத்திரை,
நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
எழுத்தைப் பற்றித்தான் சொன்னார் ஆசிரியர்.

நாடி ஐம்பத்திரண்டு என்கிறது கருவி.
பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிற வேகம்.
சவரத்தில் பட்ட கீறல்
இரவுச் செய்தி முடியும்வரை நிற்கவில்லை.
தொழில் உரிமம் இழுப்பறையில் இருக்கிறது.
எதையோ தேடுவதுபோல் திறந்து
அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.
மகள் யாழினி மருந்துச் சீட்டுகளை எல்லாம் படித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
உப்பு ஜாடியை மேல் தட்டுக்கு மாற்றினாள்.
எனக்கு எட்டும்.
கையைத் தூக்கத்தான் அலுப்பு.

நட என்றார்கள், நடக்கிறேன்.
கீழே நிறுத்தம் வரை, பிறகு திரும்பி.
ஒருநாள் சகாக்களில் ஒருவன், ஹாஃபிஸ்,
என்னைப் பார்த்துக் கதவைத் திறந்தான்.
நான் கையசைத்தேன்.
காற்று பிரிந்து கதவு மூடியது.

மின்தூக்கியிலிருந்து என் வீட்டுக்கு
இடையில் ஆறு வாசல்.
நான்காவது வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்வேன்.
செருப்புக்கு ஒன்றுமில்லை.
திருமதி ஓங் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து
மூன்று வாரமாக அதைப் பார்த்திருக்கிறார்.

இன்று அவர் வாசலில்
சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி ஒன்று.
அதன்மேல் ஒரு பம்ப்ளிமாஸ்,
தண்டோடு, இரண்டு இலையோடு.
எனக்குத்தான் என்று கையால் காட்டிவிட்டு
உள்ளே தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்.

இந்த மருந்துகளோடு இந்தப் பழம் ஆகாது.
ரொஹானா பட்டியலில் இரண்டாவது வரி.
அதை மாண்டரினில் எப்படிச் சொல்வது?
சொல்ல மூச்சு வேண்டும், முதலில்.

பழத்தைத் தூக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.
மடியில் வைத்துக்கொண்டேன்.
நல்ல கனம், ஒரு குழந்தைத் தலை அளவு.
நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தேன்;
வாசனைக்குத் தடை ஏதும் எழுதியிருக்கவில்லை.

பதினொரு மாடிக்குக் கீழே
எங்கள் தட வண்டி வந்து நின்றது.
இரண்டு நிமிடம் தாமதம்.
யார் ஓட்டுகிறானோ.
இருக்கட்டும்.